கார் வாங்கப் போகிறீர்களா? முதுகெலும்பிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்!

கார் வாங்குவதற்கு யாராவது சித்த வைத்தியரிடம் யோசனை கேட்பார்களா? தென்னூரில் என்னிடம் வருகிறவர்கள் கேட்கிறார்கள். மூட்டு வலிக்குத் தைலம் வாங்க வந்தவர், எழுந்து கிளம்பும்போது மெதுவாக ஆரம்பிப்பார்: "டாக்டர், பையன் கார் எடுக்கலாம்னு சொல்றான். உயரமான வண்டியா எடுத்தா இடுப்புக்கு நல்லதாமே, அப்படியா?"

கேட்க வேண்டிய கேள்விதான். விலை கேட்கிறோம், மைலேஜ் கேட்கிறோம், கலர் பிடித்திருக்கிறதா என்று வீட்டில் எல்லோரையும் கேட்கிறோம். பத்து வருஷம் அந்த வண்டியில் குலுங்கப் போகிற முதுகெலும்பை மட்டும் யாரும் கேட்பதில்லை. நம் ஊர் ரோடுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாதாள சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெரு, குடிநீர்க் குழாய்க்கு மறுபடி தோண்டிய தெரு, கடைக்காரர் தானாகவே போட்ட வேகத்தடை... எல்லாவற்றையும் தினமும் தாண்டித்தான் போகிறோம்.

நான் மெக்கானிக் இல்லை. எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்டும் இல்லை. குலுங்கிய உடம்புகளைப் பார்த்துப் பார்த்து, வண்டியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டவன். அதை இந்த இதழில் பாடமாகச் சொல்கிறேன்.

குலுங்கினால் உள்ளே என்ன நடக்கிறது?

நம் முதுகுத்தண்டில் மொத்தம் 33 எலும்புகள். கழுத்திலிருந்து இடுப்பு வரை அந்த எலும்புகளுக்கு நடுநடுவே 23 தட்டுகள் இருக்கின்றன. டிஸ்க் என்கிறோமே, அதுதான். ஈரப் பஞ்சு மாதிரியான இந்தத் தட்டுகள்தான் உடம்பின் ஷாக் அப்சார்பர்.

இந்தத் தட்டுகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. வளர்ந்த மனிதனின் டிஸ்க்குக்குள் நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. நாம் படுக்கும்போது நீரை உறிஞ்சி உப்பும். எழுந்து நடமாடும்போது அமுங்கி நீரை விடும். இந்த உறிஞ்சலும் பிழிதலும்தான் அதற்குச் சாப்பாடு. அதனால்தான் காலையில் எழுந்ததும் அளந்தால், மாலையைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருப்போம்!

ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து, அதே நேரத்தில் கீழிருந்து இடி வாங்கிக்கொண்டே இருந்தால், தட்டுக்கு அமுக்கம் உண்டு, ஓய்வு இல்லை. பக்கத்திலுள்ள தசைகளோ, "அடுத்த பள்ளம் எப்போது வருமோ" என்று இறுகிப் பிடித்தபடியே இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறோமே, அது அந்தத் தசைகளின் களைப்பு.

எல்லாக் குலுக்கலும் ஒன்றல்ல. நாம் நடக்கும்போதே உடம்பு நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஏறி இறங்குகிறது. அது பழகிப்போன ஆட்டம். உட்கார்ந்திருக்கும் உடம்பை மேலும் கீழுமாக நொடிக்கு நான்கிலிருந்து எட்டு முறை உலுக்கினால்தான் முதுகுத்தண்டும் வயிற்று உறுப்புகளும் கூடச் சேர்ந்து அதிரும். இந்த ஆட்டத்தைத்தான் உடம்பு மிகவும் வெறுக்கிறது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1974-லேயே மனித உடம்பு தாங்கும் அதிர்வுக்கு ஒரு தரக்குறிப்பு வெளியிட்டது. அதன் எண் 2631. 1997-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல், டிராக்டர், புல்டோசர் ஓட்டுகிற மாதிரியான தொழிலாளர்களின் உடம்பு எட்டு மணி நேர வேலையில் இவ்வளவுதான் அதிரலாம் என்று வரம்பே கட்டிவிட்டது.

நம் சித்த மருத்துவத்தில் இதை வேறு மொழியில் சொல்கிறோம். அலைச்சல், கண் விழிப்பு, நேரம் தவறிய சாப்பாடு மூன்றும் சேர்ந்தால் வாதம் கிளம்பும். உடம்பெங்கும் பரவி அசைவைத் தருவது வியானன். மலஜலத்தைக் கீழே தள்ளுவது அபானன். நீண்ட பயணத்தில் இவை இரண்டும் கெடுகின்றன. ஊருக்குப் போய் வந்த மறுநாள் இடுப்புப் பிடிப்பும் மலச்சிக்கலும் ஜோடியாக வருவதைக் கவனித்திருப்பீர்களே!

வில்வண்டி சொன்ன பாடம்

கார் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் நம் தாத்தா காலத்து வண்டிகளைப் பார்த்துவிடுவோம். கட்டை வண்டி என்றால் அச்சின் மேலேயே பலகை. கல்லில் ஏறினால் கல்லின் உயரம் முழுவதும் முதுகுக்கு வந்து சேரும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகள். அதன் மேல் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை உட்கார வைத்து அழைத்து வருவார்கள்.

சக்கரத்துக்கும் முதுகுக்கும் நடுவில் எத்தனை மெத்தை? இதுதான் அந்தப் பாடம். இன்றைய காரிலும் அதே கணக்கு. முதல் மெத்தை டயர். இரண்டாவது மெத்தை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். மூன்றாவது மெத்தை ஸீட். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிக்கொண்டால் போதும், விற்பனையாளர் என்ன சொன்னாலும் ஏமாற மாட்டீர்கள்.

முதல் மெத்தை: டயரைப் படியுங்கள்

காற்று அடைத்த டயரை 1888-இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தவர் யார் தெரியுமா? ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர்! தன் சின்ன மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று செய்து பார்த்தார். மருத்துவருக்கும் வண்டிக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர் 14 என்கிற மாதிரி எண்கள் இருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 14 என்பது உள்ளே இருக்கும் இரும்பு அல்லது அலாய் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுங்கள்.

165/80 ஆர் 14: பக்கச் சுவர் 132 மி.மீ.
185/65 ஆர் 15: பக்கச் சுவர் 120 மி.மீ.
195/55 ஆர் 16: பக்கச் சுவர் 107 மி.மீ.

மூன்று டயருக்கும் வெளி உயரம் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் காற்று மெத்தையில் ஓர் அங்குல வித்தியாசம்! பள்ளத்தில் விழும்போது அந்த ஓர் அங்குலம்தான் "தொப்" என்பதற்கும் "டொம்" என்பதற்கும் உள்ள வித்தியாசம்.

ஒரே மாடல் காரில் விலை குறைந்த ரகத்தில் சின்னச் சக்கரமும் தடித்த டயரும் இருக்கும். விலை கூடிய ரகத்தில் பெரிய அலாய் சக்கரமும் மெலிந்த டயரும் இருக்கும். பார்க்க அழகு. ஆனால் மோசமான ரோட்டில் ஓட்டுகிறவருக்கு, பல நேரங்களில் விலை குறைந்ததுதான் சுகம். காசும் மிச்சம், இடுப்பும் மிச்சம்!

இரண்டாவது மெத்தை: ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்

ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதைத் திருப்பித் தரவும் செய்யும். அது மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்துக்கு ஐந்து முறை ஊஞ்சலாட வேண்டியதுதான். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். குதிரைக்குக் கடிவாளம் மாதிரி. இரண்டும் பொருந்தி வந்தால் காரின் உடல் நொடிக்கு ஒரு முறை அல்லது ஒன்றரை முறை என்று நிதானமாக அசையும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் ஆட்டம் அது.

ஸ்பிரிங்கில் இரண்டு ஜாதி. ஒன்று, வில்வண்டியில் பார்த்த பட்டை ஸ்பிரிங். இன்னொன்று சுருள் ஸ்பிரிங். பட்டை ஸ்பிரிங் பாரம் சுமப்பதில் கெட்டி. ஆனால் பாரத்துக்கென்றே செய்ததால், ஆள் குறைவாக இருந்தால் இறுகி நிற்கும். பின்புறம் பட்டை ஸ்பிரிங் உள்ள பொலிரோ மாதிரி வண்டிகளில் ஏழு பேர் ஏறினால் ஒரு குணம், இரண்டு பேர் போனால் இன்னொரு குணம். தோட்டம் துரவு, மூட்டை முடிச்சு என்று இருப்பவர்களுக்கு அது ஏற்ற வண்டி. இடுப்பு வலிக்காரர் ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்றதல்ல.

வாடகைக் கார் டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2000-இல் வந்த குவாலிஸில் பின்னால் பட்டை ஸ்பிரிங். அதன் இடத்துக்கு 2005-இல் வந்த இன்னோவாவில் பின்னாலும் சுருள் ஸ்பிரிங். "அதுக்கப்புறம் சென்னைக்கு ஓட்டிட்டு வந்தாலும் உடம்பு வலி தெரியலைங்க" என்று சொன்ன டிரைவர்கள் என்னிடம் உண்டு.

அம்பாசடர் பற்றிக் கேட்பீர்கள். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரின் பின்புறமும் பட்டை ஸ்பிரிங்தான். அப்படியும் சுகமாக இருந்தது எப்படி? 15 அங்குலச் சக்கரத்தில் தடித்த டயர், நல்ல கனம், சோபா மாதிரி பின் ஸீட். ஒரு மெத்தை சுமாராக இருந்தாலும் மற்ற இரண்டும் ஈடு கட்டின. அதனால்தான் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

சரி, மெத்தென்று இருந்தால் போதுமா? போதாது. ரொம்பவும் இளகிய வண்டி தொட்டில் மாதிரி மெதுவாக ஆடும். மலைப் பாதையில் திரும்பும்போது சாயும். இந்த மெதுவான ஆட்டத்தில்தான் குழந்தைகளுக்குக் குமட்டல் வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். பித்த உடம்புக்காரர்களுக்கு இளகிய வண்டி ஆகாது. வாத உடம்புக்காரர்களுக்கு இறுகிய வண்டி ஆகாது. நடுத்தரமே நல்லது.

நல்ல ஸ்பிரிங் என்றால் என்ன என்பதற்குப் பிரான்ஸ் நாட்டில் ஒரு அழகான அளவுகோல் வைத்தார்கள். 1948-இல் சிட்ரோயன் கம்பெனி ஏழை விவசாயிகளுக்காக 2சிவி என்ற சின்னக் காரை வெளியிட்டது. அதைத் திட்டமிட்டபோது கம்பெனித் தலைவர் தன் பொறியாளர்களுக்குக் கொடுத்த நிபந்தனை, ஒரு கூடை முட்டையை வைத்துக்கொண்டு உழுத வயலில் ஓட்டினாலும் ஒரு முட்டைகூட உடையக் கூடாது என்பது! நாம் முட்டை எடுத்துப் போக வேண்டாம். வீட்டுப் பெரியவர்களை எடுத்துப் போனால் போதும்.

உயரம் வேறு, சுகம் வேறு

முதலில் கேட்டாரே, உயரமான வண்டி இடுப்புக்கு நல்லதா என்று. அதற்குப் பதில் இங்கே இருக்கிறது.

தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி அதிகமாக இருந்தால் வேகத்தடையில் அடி தட்டாது. அவ்வளவுதான். அது வண்டிக்குப் பாதுகாப்பு. முதுகுக்குச் சுகம் என்று அர்த்தமில்லை. உயரமான வண்டி திருப்பத்தில் சாயாமல் இருக்க, சிலவற்றில் பக்கவாட்டு இறுக்கத்தைக் கூட்டியிருப்பார்கள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால், தலை இடதும் வலதுமாக வெட்டும். கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இதுதான் எதிரி.

இடைவெளியைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம். மாருதி 800-இல் அது 2175 மி.மீ. அம்பாசடரில் சுமார் 2464 மி.மீ. இன்னோவாவில் 2750 மி.மீ. இந்தத் தூரம் கூடக் கூட, வண்டி முன்னும் பின்னும் குதிரை மாதிரி தலையாட்டுவது குறையும். விளம்பரத் தாளிலேயே "வீல்பேஸ்" என்று போட்டிருப்பார்கள். பார்த்து ஒப்பிடுங்கள்.

யார் எங்கே உட்காருவது?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

மண்ணச்சநல்லூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவை அழைத்து வந்தார்கள். எழுபதை நெருங்கும் வயது. மகன் ஏழு பேர் போகிற வண்டி வாங்கியிருந்தார். முன்னால் மகனும் மாப்பிள்ளையும், நடுவில் மருமகளும் பிள்ளைகளும். "அம்மா பின்னாடி தாராளமா காலை நீட்டி உட்காரட்டும்" என்று கடைசி ஸீட்டை ஒதுக்கியிருக்கிறார்கள். பாசத்தில் செய்ததுதான். இரவில் கோடு போடாத ஒரு வேகத்தடை. வண்டி எகிறியது. நடு ஸீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி ஸீட்டில் அம்மா "அம்மாடி" என்று ஒரு சத்தம் கொடுத்தாராம். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. நான்கு நாள் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். முதுகில் ஓர் இடத்தில் விரல் வைத்ததும் துடித்தார். தைலத்தை நிறுத்தச் சொல்லி, எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன். முதுகெலும்பில் ஒன்று அமுங்கி முறிந்திருந்தது. எலும்பு மெலிந்த வயதில், உட்கார்ந்த நிலையில் ஒரே ஒரு தூக்கிப் போடல் போதும்.

ஏன் கடைசி ஸீட்? ஒரு நீளப் பெஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை நான்கு அங்குலம் தூக்கினால் நடுவில் இரண்டு அங்குலம்தான் உயரும். காரும் அப்படித்தான். பின் சக்கரம் மேட்டில் ஏறும்போது, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருப்பவர் பாதிதான் எழும்புவார். பின் அச்சின் மேலே இருப்பவர் முழுதாக எழும்புவார். அச்சையும் தாண்டிப் பின்னால் இருப்பவர் இன்னும் அதிகமாக எழும்புவார். ஏழு ஸீட் வண்டிகள் பலவற்றில் கடைசி வரிசை பின் அச்சின் மேலேயோ, அதற்குப் பின்னாலேயோதான் இருக்கிறது. பஸ்ஸின் கடைசி ஸீட்டும் இதே கதைதான்.

ஆகவே, மோசமான ரோட்டில் முன் ஸீட்டும், ஏழு ஸீட் வண்டியின் நடு வரிசையும்தான் நல்ல இடங்கள். அந்த இடங்கள் வயதானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இடுப்பு வலிக்காரர்களுக்கும். கடைசி வரிசை, அடி தாங்குகிற இளவட்டங்களுக்கு. நம் வீடுகளில் மரியாதை என்ற பெயரில் ஆண்கள் முன்னாலும், வயதான பெண்கள் பின்னாலும் உட்காருகிறார்கள். பெண்களுக்குத்தான் மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாக மெலிகிறது. இந்த வழக்கத்தை உங்கள் வீட்டிலாவது மாற்றுங்கள்.

பின் ஸீட்டிலும் பெல்ட் போடுங்கள். சட்டத்துக்காக மட்டும் அல்ல. தூக்கிப் போடும்போது உடம்பு ஸீட்டை விட்டு எழும்பாது. எழும்பாத உடம்பு திரும்ப வந்து இடிக்காது. கர்ப்பிணிகள் இடுப்புப் பட்டையை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே தொடையோடு ஒட்டிப் போட வேண்டும்.

மூன்றாவது மெத்தை: ஸீட்

ஷோரூமில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு "மெத்தென்று இருக்கு" என்று எழுந்து விடாதீர்கள். மெத்தென்ற ஸீட் பல நேரம் புதைகுழி. அரை மணி நேரத்தில் இடுப்பு உள்ளே போய் முதுகு கூனிவிடும். கை வைத்து அமுக்கினால் கொஞ்சம் கொடுத்து, பிறகு தாங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை நான்கு. ஒன்று, ஸீட்டின் உயரம் உங்கள் முழங்காலுக்கு மேல் சற்றே இருக்க வேண்டும். குனிந்து இறங்கி உட்காரவும் கூடாது, தொற்றி ஏறவும் கூடாது. சேலை கட்டிய உங்கள் அம்மாவை ஒரு முறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும். இரண்டு, தொடை முழுவதும் தாங்கப்பட வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும். மூன்று, இடுப்பின் உள்வளைவுக்குத் தாங்கல் வேண்டும். இல்லையென்றால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் போதும், ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். நான்கு, தலைத் தாங்கி தலையின் பின்புறத்துக்கு நேராக வர வேண்டும், கழுத்துக்கு அல்ல.

ஓட்டிப் பார்ப்பது எப்படி?

விற்பனையாளர் வழவழப்பான பைபாஸுக்குத்தான் கூட்டிப் போவார். "எங்க தெருவுக்கு வாங்க சார்" என்று சொல்லுங்கள். தென்னூர், உறையூர் சந்துகளில் தினமும் போகிறவர் அங்கேதான் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கம் போகிறவர் காவிரிப் பாலத்தில் ஓட்டுங்கள். 1976-இல் திறந்த அந்தப் பாலத்தை 2022-23-இல் மாதக்கணக்கில் மூடி, இணைப்புகளைச் சரிசெய்தார்கள். பாலத்து இணைப்புகளைத் தாண்டும்போது வருகிற சத்தம் அளவோடு இருந்தால் டயரும் ஸ்பிரிங்கும் ஒத்துப் போகின்றன என்று அர்த்தம்.

பாதி நேரம் ஓட்டுங்கள். பாதி நேரம் பின்னால் உட்காருங்கள். வீட்டில் இடுப்பு வலி யாருக்கோ, அவரையும் கூட்டிப் போங்கள். தீர்ப்பு அவருடையது. முழு ஆளும் ஏறி ஒரு முறை, இரண்டு பேர் மட்டும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

பிறகு மூன்று சோதனை. முதலாவது பேச்சுச் சோதனை: உடைந்த ரோட்டில் 20, 30 கி.மீ. வேகத்தில் போகும்போது பின் ஸீட்டில் இருப்பவர் பேசட்டும். குரல் நடுங்கித் துண்டு துண்டாக வந்தால், உடம்பு வெறுக்கும் அதிர்வு உள்ளே வருகிறது. இரண்டாவது எண்ணிக்கைச் சோதனை: வேகத்தடை தாண்டியதும் எண்ணுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் நல்லது. மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போதாது. மூன்றாவது மறுநாள் சோதனை: ஓட்டிப் பார்த்த அன்றே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரவு தூங்கி எழுந்து, இடுப்பு என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள், நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அமுக்கி விட்டுப் பாருங்கள். எழும்பி உடனே நிற்க வேண்டும். ஷாக் அப்சார்பர் மேல் எண்ணெய் கசிந்திருந்தால் மாற்ற வேண்டும். சின்னப் பள்ளத்தில் "கடகட" என்றால் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய டயர் இறுகிக் கட்டையாகிவிடும்.

மின்சாரக் கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரியின் எடையைத் தாங்க ஸ்பிரிங்கை இறுக்கியிருக்கலாம். இன்ஜின் சத்தம் இல்லாததால் சுகமாக இருப்பதுபோல் காது ஏமாற்றும். காதை நம்பாதீர்கள், இடுப்பை நம்புங்கள்.

வாங்கிய பிறகு

டயர் காற்று எவ்வளவு என்று டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருப்பார்கள். அதை மட்டும் வையுங்கள். "நாலஞ்சு பாயின்ட் கூட வச்சா மைலேஜ் வரும் சார்" என்பார் கடைப் பையன். மைலேஜ் வருகிறதோ இல்லையோ, முதுகு வலி வரும். காலையில் டயர் சூடாவதற்கு முன் பார்ப்பதுதான் சரி.

இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, 25 கி.மீ. வேகத்தில் தாண்டும்படி இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை பல, அரை மீட்டர்கூட அகலமில்லாத முண்டுகள். அங்கே 25 கி.மீ. வேகமே அதிகம். பாதி வேகத்தில் போனால் அடி கால்வாசியாகக் குறைந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பிரிங்கைவிடவும் டிரைவரின் வலது கால்தான் பெரிய ஷாக் அப்சார்பர்!

முக்கால் மணிக்கொரு முறை, அதிகம் போனால் ஒரு மணிக்கொரு முறை இறங்கி ஐந்து நிமிஷம் நடங்கள். பின் பாக்கெட்டில் பர்ஸ் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஏறும்போது முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுங்கள். சிறுநீரை அடக்காதீர்கள். அடக்கக் கூடாத 14 வேகங்களில் அதுவும் ஒன்று என்கிறது சித்த மருத்துவம். வழியில் கழிப்பறை இருக்காதே என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்களுக்காக இதைச் சொல்கிறேன். பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்ல வெட்கம் வேண்டாம். குமட்டுகிறவர்கள் இஞ்சித் துண்டை வாயில் அடக்கி, முன் ஸீட்டில் தூரத்து ரோட்டைப் பார்த்து வர வேண்டும்.

வீடு வந்ததும்...

அலுப்பு வலிதான் என்றால், நொச்சி இலையையும் ஆமணக்கு இலையையும் வதக்கித் துணியில் முடிந்து, இளஞ்சூட்டில் ஒற்றடம் கொடுங்கள். உளுந்துத் தைலத்தை வெதுவெதுப்பாக்கித் தடவி, பதினைந்து நிமிஷம் கழித்து வெந்நீரில் குளிக்கலாம். சர்க்கரை நோயால் மரத்துப்போனவர்களுக்கு ஒற்றடச் சூட்டை வேறொருவர் தன் கையில் சோதித்துவிட்டு வைக்க வேண்டும். எலும்புக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பிரண்டைத் துவையல், கொஞ்சம் வெயில். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

பேரனை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. வயதானவர்கள் அதைச் செய்யவே கூடாது. தூக்கிப் போட்ட அதிர்ச்சிக்குப் பின் வலி வந்திருந்தால், எக்ஸ்ரே பார்க்கும் வரை தொக்கணம், வர்மம், தைலத் தேய்ப்பு எதுவும் வேண்டாம். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்:

கால் மரத்துப் போவது, பலம் குறைவது.
தொடையின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு தெரியாமல் போவது.
சிறுநீர் வராமல் போவது, அல்லது தெரியாமலே வெளியேறுவது.
அறுபது வயதுக்கு மேல், ஒரு குலுக்கலுக்குப் பின் முதுகில் ஒரே இடத்தில் சுருக்கென்று வலிப்பது.
கர்ப்பிணிகளுக்கு வயிற்று வலி, ரத்தக் கசிவு, குழந்தையின் அசைவு குறைவது.

மண்ணச்சநல்லூர் அம்மா இப்போது எழுந்து நடமாடுகிறார். எலும்பு கூட மூன்று மாதம் ஆயிற்று. வண்டி அதே வண்டிதான். டயர் காற்றைச் சரியாக வைத்து, அம்மாவை நடு வரிசைக்கு மாற்றினார்கள். இரண்டுக்கும் காலணா செலவில்லை. புதுக் கார் வாங்குகிறவர்கள் நன்றாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், இன்று மாலை டயர் காற்றையும், நாளைக் காலை யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதையும் பாருங்கள்.